ஒளி ஒத்துக்கொள்கிறது, பெட்டி மறுக்கிறது

பள்ளியின் கணினி அறையிலோ அலுவலகத்தின் மூலையிலோ பூட்டி வைத்த ஓர் இரும்பு அலமாரியைப் பார்த்திருப்பீர்கள். திறந்தால் விசிறிச் சத்தத்தோடு ஒரு நெட்வொர்க் சுவிட்ச் இருக்கும். அதன் முகப்பில் வரிசையாகத் துளைகள். அவற்றில் ஒன்றிரண்டில் மட்டும் சுமார் 5.6 சென்டிமீட்டர் நீளமும் 1.3 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட உலோகத் துண்டு செருகியிருக்கும். அதன் வாயிலிருந்து மஞ்சள் நிறத்திலோ ஆரஞ்சு நிறத்திலோ ஒரு மெல்லிய வடம் புறப்படும். அந்தத் துண்டுக்குப் பெயர் டிரான்சீவர். சுவிட்சிலிருந்து வரும் மின்துடிப்புகளைச் சிறு லேசர் கொண்டு ஒளியாக்கி இழைக்குள் அனுப்புவதும், மறுமுனையிலிருந்து வரும் ஒளியை மின்துடிப்பாக்கி உள்ளே கொடுப்பதும் அதன் வேலை. இன்று மிகப் பரவலாக இருக்கும் வகையை எஸ்.எஃப்.பி. என்கிறோம்.

இந்தச் சின்னத் துண்டு பழுதாகி இன்னொன்று வாங்கப் போகும்போதுதான் “அது கம்பேட்டிபல் இல்லை” என்ற பதில் வரும். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று இயற்பியல் போடும் தடை. மற்றது மனிதர் எழுதி வைத்த தடை. விற்பவர் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார், வாங்குபவரும் தலையாட்டிவிட்டுப் பணத்தை எடுக்கிறார். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், நம் பள்ளிகளும் சங்கங்களும் சிறு நிறுவனங்களும் வீணாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது மிஞ்சும் என்பது என் கருத்து.

முதலில் இயற்பியல். இதனோடு யாரும் வழக்காட முடியாது.

ஒளியிழையில் இரண்டு பெரும் வகைகள் உள்ளன. பன்முறை இழையின் உட்கருவுக்கு 50 அல்லது 62.5 மைக்ரோமீட்டர் விட்டம். ஒற்றைமுறை இழையின் உட்கரு ஏறக்குறைய 9 மைக்ரோமீட்டர்தான். இரண்டுக்கும் வெளிவிட்டம் 125 மைக்ரோமீட்டர் என்பதால் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். மஞ்சள் உறை என்றால் ஒற்றைமுறை, ஆரஞ்சு அல்லது இளநீலப் பச்சை என்றால் பன்முறை என்பது பொதுவழக்கம். 50 மைக்ரோமீட்டர் அகலத்தில் வரும் ஒளியை 9 மைக்ரோமீட்டர் வாசலுக்குள் தள்ளிப் பாருங்கள். பரப்பளவைக் கணக்கிட்டால் முப்பதில் ஒரு பங்குதான் வாசல். மிச்ச ஒளி எல்லாம் விளிம்பில் மோதி வீணாகும்.

அடுத்தது அலைநீளம். குறுந்தூர எஸ்.எக்ஸ். வகை 850 நானோமீட்டர் ஒளியை அனுப்பும். பன்முறை இழையில் சுமார் 550 மீட்டர்வரை போகும். எல்.எக்ஸ். வகை 1310 நானோமீட்டரில் ஒற்றைமுறை இழையில் பல கிலோமீட்டர் போகும். ஒரு முனையில் இதையும் மறுமுனையில் அதையும் செருகினால் என்ன ஆகும்? இங்கே நம் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஓர் அருமையான கணக்கு இருக்கிறது. ஒளித்துகளின் ஆற்றலை எலெக்ட்ரான்-வோல்ட்டில் அறிய 1240ஐ நானோமீட்டர் அலைநீளத்தால் வகுத்தால் போதும். 850க்கு 1.46 வருகிறது. 1310க்கு 0.95. எஸ்.எக்ஸ். வகையின் ஒளியுணரி பெரும்பாலும் கேலியம் ஆர்செனைடால் ஆனது. அதில் ஓர் எலெக்ட்ரானை எழுப்பிவிட 1.42 எலெக்ட்ரான்-வோல்ட் வேண்டும். 0.95 மட்டுமே கொண்டு வருகிற ஒளித்துகள் எத்தனை கோடி வந்து மோதினாலும் அந்த உணரிக்கு அது இருட்டுதான். யாருடைய முத்திரை ஒட்டியிருந்தாலும் அப்படித்தான்.

தூரமும் அப்படியே. ‘அதிகத் தூரம் போகிறது என்றால் அதிகத் தரம்’ என்று நினைத்து 80 கிலோமீட்டர் வகையை வாங்கி, 200 மீட்டர் இழையில் போடுகிறவர்கள் உண்டு. 1550 நானோமீட்டர் ஒளி கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல்தான் இழக்கும். 80 கிலோமீட்டர் போய்க் களைத்து வர வேண்டிய ஒளி, களைக்காமல் வந்து உணரியைத் திணறடித்துவிடும். காதுக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியை வைத்துப் பேசினால் பேச்சு புரியுமா? இடையில் ஓர் ஒளிகுறைப்பி போட்டாக வேண்டும்.

ஒரே இழையில் இரு திசையும் போகும் வகையில் ஒருபக்கம் 1310இல் பேசி 1490இல் கேட்கும், மறுபக்கம் நேர்மாறு. அதனால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். நம் வீட்டுக்கு வரும் ஜிபான் இணைப்பும் இதே இரு அலைநீளங்களைத்தான் பயன்படுத்துகிறது. ஆனாலும் இதை அதில் செருக முடியாது, ஏனென்றால் துடிப்புகளை அடுக்கும் முறையே வேறு. வீட்டுச் சுவரில் பச்சை நிறச் செருகி இருந்தால் அதன் கண்ணாடி முனை 8 பாகைச் சாய்வாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். நீல நிறச் செருகியின் முனையில் அந்தச் சாய்வு இல்லை. பச்சையையும் நீலத்தையும் முட்டவைத்தால் நடுவே காற்றிடைவெளி விழுந்து ஒளி சிதறும். வேகத்திலும் கவனம் வேண்டும்: நொடிக்கு 1 கிகாபிட் எஸ்.எஃப்.பி.யும் 10 கிகாபிட் எஸ்.எஃப்.பி. பிளஸ்ஸும் உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஒரு முனையில் இதுவும் மறுமுனையில் அதுவும் இருந்தால் பேச்சு நடக்காது.

இவை எல்லாமே நியாயமான ‘ஒத்துப்போகாது’. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு விவரங்களைப் படித்தாலே தெரிந்துவிடும். அலைநீளம், இழை வகை, வேகம், தூரம்.

இனி மற்றொன்றுக்கு வருகிறேன். எஸ்.எஃப்.பி. என்பது எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் அல்ல. 2000ஆம் ஆண்டு வாக்கில் தயாரிப்பாளர்கள் பலர் கூடிச் செய்துகொண்ட பல்தரப்பு உடன்பாடு அது. அளவு, 20 மின்தொடர்புகள், மின்னழுத்தம் எல்லாவற்றையும் எழுதிப் பொதுவில் வைத்தார்கள். யார் செய்த துண்டும் யார் செய்த துளையிலும் பொருந்த வேண்டும் என்பதே நோக்கம். அந்த உடன்பாட்டின்படி ஒவ்வொரு துண்டுக்குள்ளும் 256 பைட் கொண்ட ஒரு சிறு நினைவகம் உண்டு. சுவிட்ச் அதைப் படித்து, “நீ யார், எந்த அலைநீளம், எவ்வளவு தூரம்” என்று தெரிந்துகொள்ளும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 20 முதல் 35 வரையுள்ள 16 பைட்டுகள் தயாரிப்பாளர் பெயருக்கு. 63ஆம் பைட் ஒரு சரிபார்ப்புக் கூட்டல்: முன்னால் உள்ள எல்லாவற்றையும் கூட்டி, கடைசி எட்டு பிட்டை எழுதுவது. தகவல் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க மட்டுமே அது. 96 முதல் 127 வரை 32 பைட்டுகளைத் தயாரிப்பாளர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

அந்த விட்டுக்கொடுத்த இடத்தில்தான் பூட்டு விழுந்தது. சில சுவிட்ச் நிறுவனங்கள் துண்டின் பெயர், வரிசை எண் முதலியவற்றிலிருந்து கணக்கிட்ட ஒரு மறைகுறியை அங்கே எழுதுகின்றன. துண்டு செருகியதும் சுவிட்ச் அந்தக் குறியைத் தேடும். இல்லையென்றால் அந்தத் துளையையே அணைத்துவிடும். அலைநீளம் சரி, இழை சரி, வேகம் சரி, ஒளி சரியான அளவில் வருகிறது. ஆனாலும் விளக்கு எரியாது. சிஸ்கோவின் பல சுவிட்சுகளில் ‘சர்வீஸ் அன்சப்போர்ட்டட்-டிரான்சீவர்’ என்றொரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்தால் எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு, வெளித்துண்டையும் ஏற்க முயலும். ஒரு கட்டளையில் விலகிவிடுகிற தடை இயற்பியல் தடையாக இருக்க முடியுமா?

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். அலுவலகக் கட்டடத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் இடையே ஒளியிழை போகிறது. ஓர் இடிமழை இரவில் ஒரு முனையின் டிரான்சீவர் போய்விட்டது. (இழை கண்ணாடி, மின்னல் அதன் வழியே வராது. மின்கம்பி வழியே வந்தது.) அதே அலைநீளம், அதே வேகம் கொண்ட வேறு நிறுவனத் துண்டு ஒன்றை வாங்கிச் செருகினோம். சுவிட்ச் ஏற்கவில்லை. அதே துண்டை ஒரு சாதாரண மீடியா கன்வர்ட்டரில் போட்டு அதே இழையில் இணைத்ததும் உடனே வேலை செய்தது. சுவிட்சை விற்றவர், தங்கள் முத்திரை போட்டதைத்தான் வாங்க வேண்டும் என்றார். விலை பல மடங்கு. பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டிய பணம் அதற்குப் போனது. பொருள் வந்து சேரும்வரை ஆய்வுக்கூடத்தில் இணையம் இல்லை. அந்தச் சங்கத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் பாதிப் பேர் பாயான் லெப்பாஸ் ஆலைகளில் இரவு வேலை பார்க்கிறவர்கள். எனக்கு உறுத்தியது அதுதான்.

ஏனென்றால் இந்தத் துண்டுகளைச் செய்யும் தொழில் நமக்கு அந்நியமானதல்ல. 1972இல் பாயான் லெப்பாஸுக்கு வந்த முதல் மின்னியல் நிறுவனங்களில் ஒன்று ஹியூலெட்-பேக்கார்ட். அதன் பாகங்கள் பிரிவு 1999இல் அஜிலென்ட் ஆனது, 2005இல் அவாகோ ஆனது, 2016இல் பிராட்காம் என்று பெயர் மாறியது. அவாகோ ஒளியிழை டிரான்சீவர்களுக்குப் பெயர் பெற்றது. பேராக்கில், ஈப்போவில், ஃபினிசார் நிறுவனம் பல ஆண்டுகளாக ஆலை நடத்தியது. 2019இல் அது இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போய், 2022 முதல் கோஹெரென்ட் என்ற பெயரில் இருக்கிறது. ஃபினிசாரின் பெரிய வாடிக்கையாளர்களில் சிஸ்கோவும் ஒன்று. சுவிட்ச் விற்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் டிரான்சீவரைத் தாங்களே செய்வதில்லை. இப்படிப்பட்ட ஆலைகளிடம் வாங்கி, தங்கள் முத்திரையையும் மறைகுறியையும் சேர்த்து விற்கின்றன. ஒரே ஆலையில், ஒரே மேசையில் கோத்த இரண்டு துண்டுகள், எழுதிய குறியை வைத்து ஒன்று ‘அசல்’ என்றும் மற்றது ‘வெளிச்சரக்கு’ என்றும் ஆகிவிடலாம்.

நிறுவனங்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும். சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. மோசமான துண்டுகள் சந்தையில் உலவுகின்றன. போலி முத்திரையும் உண்டு. சில துண்டுகள், குறிப்பாக 10 கிகாபிட் செப்புக்கம்பி வகை, அதிகம் சூடேறும். குளிர்சாதனம் இல்லாத நம் அலமாரிகளில் அது பக்கத்துத் துளையையும் கெடுக்கும். தாங்கள் சோதித்துப் பார்க்காத பொருளுக்குத் தாங்கள் பொறுப்பேற்க முடியாது என்பதும் நியாயமே. ஆனால் பொறுப்பேற்க மறுப்பது வேறு, வேலை செய்யவே விடாமல் தடுப்பது வேறு. வேறு சில நிறுவனங்கள் ‘இது எங்கள் துண்டல்ல’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு இணைப்பை விட்டுவிடுகின்றன. அதுவே நேர்மையான வழி. சூடு பற்றிய கவலைக்கும் மறைகுறி மருந்தல்ல. துண்டுக்குள்ளேயே வெப்பநிலையைச் சொல்லும் அளவி இருக்கிறது. அதைப் படித்து, எல்லை தாண்டினால் அணைத்தால் போதும்.

அச்சுப்பொறி மையிலும் இதே கதை நடந்தது. லெக்ஸ்மார்க் நிறுவனம் தன் டோனர் சில்லுகளில் 55 பைட்டுக்கு மேல் போகாத ஒரு சிறு நிரலை வைத்து, பிற டோனர்கள் வராமல் தடுக்கக் காப்புரிமைச் சட்டத்தைத் துணைக்கு அழைத்தது. 2004இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

ஒத்துப்போவது என்பது தானாக வருவதல்ல, உட்கார்ந்து பேசி உண்டாக்குவது என்பதற்குப் பினாங்குக்கே ஒரு பழைய சாட்சி உண்டு. தந்தி தொடங்கிய காலத்தில் ஐரோப்பாவில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முறை. எல்லையில் ஒரு நாட்டு ஊழியர் செய்தியைத் தாளில் எழுதி அடுத்த நாட்டு ஊழியர் கையில் கொடுப்பார். அவர் மறுபடி அடிப்பார். 1865 மே 17இல் பாரிஸில் 20 நாடுகள் கூடிப் பொது விதிகளுக்குக் கையெழுத்திட்டன. இன்றைய அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிறப்பு அது. ஐந்தாறு ஆண்டுகளில், 1870-71இல், மதராஸிலிருந்து பினாங்குக்கும் இங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்தி வடம் போடப்பட்டது. நம் முன்னோர் கப்பலில் பல நாள் கடந்த அதே கடலைச் செய்தி நிமிடங்களில் கடந்தது. 2002 முதல் கொச்சியையும் பினாங்கையும் சேஃப் என்ற ஒளியிழைக் கடலடி வடம் இணைக்கிறது. ஜிபான் விதிகளை எழுதியதும் அதே ஒன்றியம்தான்.

இப்போது பணத்துக்கு வருவோம். பொதுப் பணத்தில் பொருள் வாங்கும்போது குறிப்பிட்ட வணிகப் பெயரைக் கேட்கக் கூடாது, வேறு வழியே இல்லாமல் கேட்டால் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று சேர்க்க வேண்டும் என்பது பல வணிக உடன்பாடுகளில் உள்ள விதி. 2022 நவம்பர் 29 முதல் மலேசியாவுக்கு நடப்பிலுள்ள சிபிடிபிபி உடன்பாட்டின் அரசுக் கொள்முதல் அத்தியாயத்திலும் அது இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது காப்பது முதல் கொள்முதலை மட்டும். போட்டி விலையில், பெயர் குறிப்பிடாமல், நியாயமாகவே ஒரு சுவிட்சை வாங்குகிறோம் என்று வையுங்கள். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அதில் செருகும் ஒவ்வொரு துண்டையும் எங்கே வாங்குவது என்பதை அந்த 32 பைட்டுகள் முடிவு செய்துவிடுகின்றன. டெண்டர் தாளில் வரக் கூடாது என்று விரட்டிய பெயர், சில்லுக்குள் உட்கார்ந்துகொண்டு திரும்பி வருகிறது. சுவிட்சை மலிவாகக் கொடுத்துவிட்டுத் துண்டுகளில் சம்பாதிப்பது புதிய வித்தையும் அல்ல.

ஆகவே சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி வாரியமோ கோயில் நிர்வாகமோ பத்துப் பேர் வேலை செய்யும் கணக்கர் அலுவலகமோ, சுவிட்ச் வாங்க விலை கேட்கும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘தரநிலைக்கு உட்பட்ட எந்த நிறுவனத்தின் எஸ்.எஃப்.பி.யையும் இந்தச் சுவிட்ச் ஏற்க வேண்டும். கட்டளை தேவையென்றால் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். வெளித்துண்டு போட்டதற்காக மட்டும் சுவிட்சின் உத்தரவாதம் ரத்தாகக் கூடாது.’ இதைக் கேட்டதும் முகம் சுளிக்கும் விற்பனையாளரிடம் டிரான்சீவர் விலையையும் இப்போதே எழுதி வாங்குங்கள். சுவிட்சின் விலையோடு அதையும் கூட்டிப் பார்த்தால் எது மலிவு என்ற வரிசையே மாறக்கூடும். கல்வி அமைச்சும் மாநில அரசும் தங்கள் மாதிரித் தாள்களில் அந்த வரியைப் போட்டுவிட்டால், ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே வாதாட வேண்டிய வேலையும் மிச்சம்.

வெளித்துண்டு வாங்குவோர் அதற்குரிய கடமையையும் செய்ய வேண்டும். எந்தச் சுவிட்ச் மாதிரி என்று சொல்லி, அதற்கேற்பக் குறியிட்டதைக் கேளுங்கள். திருப்பித் தரும் உரிமையோடு வாங்குங்கள். போலி முத்திரை ஒட்டியதைத் தொடாதீர்கள். தன் சொந்தப் பெயரில் விற்கப்படுவது போலி அல்ல. எரிகிற இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் இமையும் மூடாது.

இன்னொரு வேண்டுகோள், பாயான் லெப்பாஸிலும் கொம்தார் வட்டாரத்திலும் நெட்வொர்க்கைப் புதுப்பிக்கும் அலுவலகங்களுக்கு. பழைய சுவிட்சோடு நல்ல நிலையில் உள்ள டிரான்சீவர்களும் மின்னியல் கழிவுக்குப் போகின்றன, காரணம் புதிய பெட்டி அவற்றை ஏற்பதில்லை. மீடியா கன்வர்ட்டர்கள் பொதுவாக யாருடைய பெயரையும் பார்ப்பதில்லை. முழு அக எதிரொளிப்பை நான்காம் படிவத்தில் படமாக மட்டும் பார்க்கும் மாணவர்கள், இரண்டு கன்வர்ட்டரையும் பத்து மீட்டர் இழையையும் வைத்து உண்மையான தகவலை அனுப்பிப் பார்க்கலாம். இழையைப் பென்சிலில் இறுக்கிச் சுற்றினால் ஒளி எவ்வளவு கசிகிறது என்று, டிரான்சீவரே சொல்லும் மைக்ரோவாட் கணக்கைப் படிக்க ஒரு பழைய சுவிட்சும் கூடவே வேண்டும். பூட்டுக் குறி போட்ட பழைய துண்டுகள் என்றால், அவற்றை ஏற்கிற அந்தப் பழைய சுவிட்சையும் சேர்த்தே அனுப்பிவையுங்கள்.